கிறிசாந்தோவை எரிக்கும் ஞாயிறு

நெரெய்தாவின் அப்பா பதினெட்டு ஈஸ்டர் ஞாயிறுகளில் எரிந்தவர். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பொம்மையாக்கி அன்று கொளுத்துவது வழக்கம். மற்ற ஊர்களில் அந்தப் பொம்மைக்கு மந்திரிகளின் முகத்தை வைப்பார்கள். அவள் ஊரில் தண்ணீர்க்காரர் கிறிசாந்தோவின் முகம்தான். ஊர்த் தொட்டியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. அவருக்குப் பிடித்த பெண் இருக்கும் தெருவில் குழாய் கொட்டும். சொந்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அந்தப் பெண்களின் வாசலிலேயே போய் அம்மா வாளி நிரப்பி வருவாள்.

எரிப்பதற்கு முன் யூதாஸின் உயிலைப் பாட்டாக வாசிப்பார்கள். இன்னாருக்கு என் மீசை, இன்னாருக்கு என் தொப்பை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிறுமி நெரெய்தா குளியலறையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொள்வாள். பொம்மைக்குள் வைத்த வெடிமருந்தின் வாசனையும் அம்மா பொரிக்கும் மீனின் வாசனையும் கதவிடுக்கில் ஒன்றாக நுழையும். இப்போதும் எங்காவது மீன் பொரிந்தால் அவளுக்கு அந்தக் குளியலறைதான் ஞாபகம் வரும். அதில் வெட்கம் கரைந்துபோய், அம்மாவின் வளையல் சத்தம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பத்தொன்பது வயதில் தலைநகர் கராக்கஸுக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் வேலை கற்று, முப்பது வருடம் ஊரார் அப்பாக்களைப் புரட்டிப் படுக்கவைத்தாள். அம்மா இறந்த பிறகு சொந்த அப்பாவைப் புரட்டத் திரும்பினாள். பாசமெல்லாம் இல்லை. அவர் இடுப்பில் படுக்கைப்புண் வந்திருந்தது, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவளுக்குத் தெரியாது. மருந்து, கஞ்சி, மலம். இது தவிர இருவருக்கும் பேச்சு கிடையாது.

பெரிய வெள்ளியன்று அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் வரலையா?"

"எதுக்கு?"

"சட்டை கேக்க. பொம்மைக்கு என் சட்டைதானே போடணும்?"

"இந்த வருஷம் கரண்ட் ஆபீஸ்காரனை எரிக்கறாங்களாம். உங்களை யாருக்குப்பா ஞாபகம் இருக்கு?"

அன்று சோளக் கஞ்சியைத் தொடவில்லை. மறுநாள் காலையும் வாயை இறுக்கிக்கொண்டார். எண்பத்து நாலு வயதில் இப்படி வாயை மூடினால் அடுத்து என்ன ஆகும் என்று நெரெய்தா நிறையப் பார்த்திருக்கிறாள். அவருடைய நல்ல வெள்ளைக் கோட்டைத் தூக்கிக்கொண்டு, பொம்மை தைக்கும் உபால்தினா வீட்டுக்கு நடந்தாள். உயில் எழுதுவதும் உபால்தினாதான்.

"அக்கா, இது அவர் அடக்கத்துக்கு வச்ச கோட்டாச்சே!"

"பெட்டிக்குள்ள யாருடி பாக்கப் போறாங்க?"

"எங்கம்மா இன்னும் அவர் பேரைக் கேட்டா துப்புவா."

"துப்பட்டும். எரிக்கத்தானே கேக்கறேன், சிலை வைக்கவா கேக்கறேன்?"

"அப்பனை எரிங்கன்னு கெஞ்சிக்கிட்டு வந்த முதல் ஆளு நீதான்க்கா!" உபால்தினா சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். "சரி, ரெண்டு யூதாஸா தொங்கட்டும். உயிலைக் கிழவர்கிட்டயே கேட்டு எழுதிக்கறேன்."

மாலையில் உபால்தினா வந்து கிழவரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே கிழவரின் சிரிப்புச் சத்தம். அவள் போனதும், "கஞ்சி இருக்கா?" என்று குரல் வந்தது.

மறுநாள் சாயங்காலம் நெரெய்தா சக்கர நாற்காலியில் அவரைச் சதுக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கோட்டுப் போட்ட பொம்மை மின்சாரக்காரனுக்குப் பக்கத்தில் ஆடியது.

"மீசையைக் கோணலா வச்சிருக்கா பாரு," என்று முணுமுணுத்தார்.

உபால்தினா உயிலை வாசித்தாள். பாதிரியாருக்கு மீசை, மீன்காரனுக்குப் பொய்ப்பல். கடைசியில்: "என் மகள் நெரெய்தாவுக்கு எங்க வீட்டுக் குழாய். லேட்டாத்தான் திறந்துவிடறேன். அவ அம்மா வாளியைக் கீழ வைக்கட்டும்."

கூட்டம் இதற்கும் சிரித்தது. நெரெய்தாவின் இரண்டு கைகளும் நாற்காலிப் பிடியில் இருந்தன. காதைப் பொத்த வழியில்லை.

வெடி வெடித்தது. சாம்பல் அவர் போர்வைமேல் விழுந்தது.

"கேட்டியா?" என்றார், திரும்பாமல்.

"கேட்டுச்சு." சாம்பலைத் தட்டிவிட்டாள். "வீட்டுக்குப் போலாம், வாங்க. மீன் பொரிச்சுத் தர்றேன். முள்ளை எடுத்துட்டுத்தான்."