அழுகைப் பாட்டுக்கு ஒரு சீட்டு

பாரில் வாத்தியம் வாசிக்கிறவர்கள் ரசிகர்களின் முகத்தைவிட மெல்லுகிற வாயைத்தான் அதிகம் பார்த்திருப்போம். வாசித்து நொந்தவர்களுக்கு இது தெரியும்.

ஒரு மாதக் கெடு

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பேர் வைத்த புதிதில், மைசூரில் ஒரு பாரில் நான் தோளில் மாட்டி விரித்துச் சுருக்கி வாசிக்கிற அக்கார்டியன் பெட்டி வாசித்தேன். கிதார் வாசித்தவர் ஃபிரான்சிஸ். அவருடைய அண்ணன் கப்பல் வேலையில் வாங்கி வந்த இசைத்தட்டுகள்தான் எங்களுக்குப் பாடம்: அமெரிக்காவின் தெற்கே கறுப்பினக் கூலிக்காரர்கள் துக்கத்தில் பாடிய ப்ளூஸ், சதுப்பு நிலத்துக் குடியானவர்களின் ஆட்டப்பாட்டு. முதல் முறை கேட்டபோதே, வாசித்தால் இதைத்தான் வாசிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

வேண்டிய பாட்டைத் துண்டுச்சீட்டில் எழுதி சர்வரிடம் கொடுத்தனுப்புவது எங்கள் பார் வழக்கம். முதல் வாரம் வந்ததெல்லாம் சினிமாப் பாட்டு. ஒன்றில் மட்டும், பெட்டி வாசிக்கிற பொம்பளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தது. கன்னடக்கார முதலாளிக்குத் தமிழ் நன்றாகவே வரும். சீட்டுகளை என் முன்னால் பரப்பினார். "ஒரு மாசம் டைம் தர்றேன், மேடம். உங்க அழுகைப் பாட்டைக் கேட்டு ஒரு சீட்டாவது வரலேன்னா, சினிமாப் பாட்டு வாசிங்க, இல்லே பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

மெனு கார்டுக்குப் பின்னால்

என் அப்பா ரயில்வே குமாஸ்தா. "பொண்ணை பாருக்கு அனுப்புறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று மேலதிகாரி கேட்டுவிட, அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் அதே அதிகாரி மூலை மேஜையில் மெனு கார்டால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்ததும் மைக்கிலேயே, "சாருக்கு வணக்கம்" என்றேன். போகும்போது மேடைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, நானும் இனிமே உன்னைப் பத்திப் பேசலை."

கடைசிச் சனிக்கிழமை

கெடு முடிகிற சனிக்கிழமை வரை எங்கள் பாட்டைக் கேட்டு ஒரு சீட்டும் வரவில்லை. "ரெண்டு சினிமாப் பாட்டு வாசிச்சுத் தொலைப்போமே" என்று ஃபிரான்சிஸ் கெஞ்சினார். முடியாது என்றேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் முடியாது.

ஏழு மணிக்கு ஒரு சீட்டு வந்தது: 'அந்த அழுகைப் பாட்டு, இன்னொரு வாட்டி.' முதலாளி வாங்கிப் பார்த்தார். சர்வர் மாதப்பாவின் கையெழுத்து. எனக்காக இரக்கப்பட்டு அவனே எழுதிவிட்டான் என்று நினைத்து, எல்லோர் முன்னாலும் திட்ட ஆரம்பித்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு மாதப்பாதான் எழுதிக் கொடுப்பான் என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு மறந்துவிட்டது. ஜன்னலோரம் இருந்த கொள்ளேகால் லாரி டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார். "எழுத்துதான் அவனுதுங்க, கேட்டது நானு. வாசிக்கச் சொல்லுங்க."

கைதட்டுக்காகப் பிடிக்காததை வாசிப்பதைவிட, பிடித்ததை வாசித்துத் திட்டு வாங்கலாம் என்றுதான் இன்றும் சொல்வேன். திட்டு வாங்குவதில் எனக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.