கிப்லாக் கோடு

மொசைக் தரையை மிஷின் வைத்துத் தேய்க்கும்போது வழியும் வெள்ளைச் சேற்றுக்கு, நனைந்த சாக்கும் சுண்ணாம்பும் கலந்தாற்போல ஒரு வாடை உண்டு. ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையைப் பார்த்திருந்த எங்கள் வீட்டில், ஒரே ஓர் அறைக்காக மூன்று நாள் அந்தச் சேறு வழிந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு லாரி டயர் வியாபாரம். எழுபதுகளின் கடைசியில் ஓசூரில் கம்பெனிகள் வரவர, எல்லை தாண்டும் லாரிகளும் பெருகி, நாங்களும் மொசைக் போடும் நிலைக்கு வந்திருந்தோம். என் அக்காக்கள் இருவரும் பதினெட்டு மாதிரிக் கற்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான். கண்ணில் புரை விழுந்து அவளுக்கு எல்லாம் மங்கிக்கொண்டிருந்தது. தொழுகைப் பாயை எந்தப் பக்கம் போடுவது என்று ஐந்து வேளையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது.

“வெள்ளைக் கல்லுக்கு நடுவுல ஒரு கறுப்புக் கோடு, கிப்லாவப் பாத்து. அதுமேல பாயப் போட்டுக்குவேன். அப்புறம் உங்க யாரையும் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

கிப்லா, அதாவது தொழும்போது நாங்கள் முகம் திருப்ப வேண்டிய திசை, எங்கள் ஊரிலிருந்து மேற்கே சற்று வடக்காக இருக்கிறது. வீடோ சாலைக்கு ஏற்றபடி வேறு கோணத்தில் நின்றது. தெலுங்குக்காரரான வெங்கடப்பா மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“செவுரு ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கமா, பாய்? பாக்கறவன் நான் குடிச்சிட்டுப் போட்டேன்னு சொல்லுவான்.”

“தரை எங்களுக்குய்யா, பாக்கறவனுக்கா?” என்றார் அத்தா.

லாரி டிரைவர் ஒருவரிடம் அவர் திசைகாட்டி ஒன்றை இரவல் வாங்கிவந்தார். அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்து வீட்டில் எனக்குத்தான் தெரியும். தரை கொத்திக் கிடந்ததால் அதை அம்மாவின் இரும்புப் பெட்டிமேல் வைத்து, முள் நின்றதும் கை நீட்டிக் காட்டினேன். அத்தா நூல் கட்டினார். அம்மா நூலைத் தடவிப் பார்த்து, “இவ்வளவு இடப்பக்கமாவா போகும்?” என்றாள்.

“முள்ளு பொய் சொல்லுமா? படிச்ச புள்ள பாத்துச் சொல்றான்” என்றார் அத்தா.

மறுநாள் வகுப்பில் அறிவியல் சார் ஒரு திசைகாட்டியின் அருகே இரும்புச் சாவியைக் கொண்டுபோனார். முள் சாவிப் பக்கம் திரும்பியது. அம்மாவின் பெட்டியும் இரும்புதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாலையில் ஓடிவந்து பார்த்தபோது கறுப்புக் கோட்டோடு மூன்று வரிசை முடிந்திருந்தது, இருபத்தேழு கல். கலவை இன்னும் இறுகவில்லை, கரண்டியால் நெம்பினால் எழும்பி வந்துவிடும். நான் வாய் திறக்கப்போன நேரத்தில் அத்தா, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துக் கடைக்காரரிடம், “எம் மகன் பாத்துக் குடுத்த தெசை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இருபத்தேழு கல்லையும் இன்னொரு முறை எண்ணினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்த நாள், ஓரத்து வெட்டுக்கற்களையும் சேர்த்து, நூற்று அறுபத்தெட்டு. அறை முடிந்துவிட்டது.

பத்து நாள் தண்ணீர் கட்டி, மூன்று நாள் தேய்த்த பிறகு, அம்மா குனிந்து அந்தக் கோட்டைத் தேடிப் பாயைத் தானே விரித்துக்கொண்டாள். ஆடி மாதத்து மேகம் மூடியிருந்த நான்கு நாட்களும் அவள் யாரையும் கூப்பிடவில்லை. அந்த நான்கு நாட்களிலும் அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஐந்தாம் நாள் பிற்பகல் ஜன்னல் வழியே வெயில் வந்தது.

“தம்பி, இந்த மாசத்துல வெயிலு மூஞ்சிக்கு நேரா அடிக்கும். இப்ப வலது கன்னத்துல சுடுது. பாயக் கொஞ்சம் வலப்பக்கமாத் திருப்பி வை.”

திருப்பினேன். அவள் அதன்மேல் நின்று தொழத் தொடங்கினாள்.

கடையிலிருந்து வந்த அத்தா, கோட்டை விட்டு விலகிக் கிடந்த பாயைப் பார்த்து முகம் சுருங்கி, “இவ்வளவு பாடுபட்டு வச்சது, அதை விட்டுட்டு ஏன் இப்படி?” என்றார்.

“என் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியலைங்க” என்றாள் அம்மா.

கோடு அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்று முதல் அவள் மறுபடியும் வேளைக்கு வேளை கூப்பிட வேண்டியதாயிற்று. அக்காக்கள் பக்கத்திலேயே இருந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டாள். பள்ளி நேரம் போக நாளுக்கு நான்கு முறை, ஏழு வருஷம். சில நாட்களில் சலித்துக்கொண்டேகூடத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த அறை போயிற்று. அது இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. என் பேரன்கள் போனைத் தரையில் வைத்துத் திசை பார்க்கிறார்கள், யாரையும் கேட்பதில்லை. அத்தா இல்லை, அம்மா இல்லை, மேஸ்திரியும் இல்லை. கோபப்பட ஒருவரும் மிச்சமில்லாத பிறகு இதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கினாற்போல இல்லை, களைப்பாகத்தான் இருக்கிறது.