மைதாப் பசையும் பின்வாசல் தீர்மானமும்

புதுச்சேரியில் எங்கள் திருச்சபையின் தலைமை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். இப்போது அந்த நாற்காலிக்கு வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் மன்றத்தில் எந்தத் தீர்மானமும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். இருபது பேரில் ஒருவர் முகம் சுளித்தாலும் வாசகத்தை மாற்றுவார்கள். மாற்றிய சொல்லைத் தனியாக அடித்து, வெட்டி, பழைய சொல்லின்மேல் மைதாப் பசையால் ஒட்டுவது என் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அப்படித்தான். காகிதம் வீணாகுமாம், செயலாளர் உத்தரவு.

1. கூட்டம்

சுனாமிக்கு முந்தின வருஷம். முதலில் எங்கோ ஒரு தேசத்து நிறவெறியைக் கண்டித்தோம். இரண்டே நிமிஷம்தான். ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார்.

அடுத்தது எங்கள் கல்லறைத் தோட்டம். அதற்கு இரண்டு வாசல். தலித் குடும்பங்களின் சவப்பெட்டி மட்டும் சாக்கடையைத் தாண்டிப் பின்வாசலில் போக வேண்டும். இளம் ஆயர் ஒருவர் தீர்மானம் எழுதியிருந்தார்: 'கல்லறையில் சாதிக்கொரு வாசல் இருப்பது பாவம். பின்வாசல் இன்றே மூடப்படும்.'

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும், 'ஐயா' என்பதை 'முசே' என்றே சொல்லும் பெரியவர் எழுந்தார். "பாவம்னா யாரு பண்ண பாவம், முசே? எங்க அப்பாரு முன்வாசல்ல போனவரு. அவர பாவின்றீங்களா?"

அவரைத் தொடர்ந்து ஆளுக்கொரு திருத்தம். நாலு துண்டு ஒட்டினேன். கடைசியில் இப்படி நின்றது: 'கல்லறையில் சில பழக்கங்கள் இருப்பது சிந்திக்கத்தக்கது. பின்வாசல் உரிய காலத்தில் கவனிக்கப்படும்.' ஏகமனதாக நிறைவேறியது. சமோசா வந்தது.

2. வாட்ச்மேன்

வெளியே வாட்ச்மேன் செபஸ்தியான் காத்திருந்தார். அவர் அம்மா படுத்த படுக்கை.

"இன்னா முடிவு பண்ணாங்க, ஸ்டெல்லாம்மா? எங்கப்பாவ தூக்கினு போறப்ப சாக்கடைல ஒருத்தன் கால் வழுக்கி, பெட்டி சாஞ்சிட்சி. 'என்ன அந்த வழியா தூக்காதடா'ன்னு அம்மா தெனம் சொல்லுது."

"கோயில்ல படிக்கும்போது தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது.

3. ஜெராக்ஸ் கடை

தீர்மானம் இரண்டு வாரம் என் டிராயரில் கிடந்தது. எல்லாக் கோயிலுக்கும் அனுப்பப் பிரதி எடுக்க முத்தியால்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கவரைத் திறந்தேன். நாலு துண்டும் உதிர்ந்து தரையில் விழுந்தன. கரப்பான் பூச்சிகள் மைதாவை நக்கித் தீர்த்திருந்தன.

"எதுவோ விழுந்துட்சே மேடம், ஒட்டித் தரட்டா?" என்றார் கடைக்காரர். கோந்து டப்பா அவர் மேஜைமேலேயே இருந்தது.

"குப்ப அது. நீங்க காப்பி போடுங்க" என்றேன்.

ஞாயிறு காலை எல்லாக் கோயில்களிலும் இளம் ஆயரின் வாசகமே ஒலித்தது. சில இடங்களில் கை தட்டினார்களாம்.

4. அவசரக் கூட்டம்

மறுநாள் செயலாளர் வியர்த்துப் போயிருந்தார். "கோயில்ல படிச்சாச்சுன்னா அதான் தீர்மானம். ரத்து பண்ணணும்னா ஏகமனதா பண்ணணும். முன்மொழியறவர் பேர எல்லா கோயில்லயும் படிக்கணும். யாரு முன்மொழியறீங்க?"

பத்தொன்பது பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள். இளம் ஆயர் மட்டும் சிரிப்பை அடக்கக் கைக்குட்டை தேடினார். பென்ஷன் பெரியவருக்கு மாத்திரை போடும் நேரம் வந்துவிட்டது.

"எப்டிம்மா ஆச்சி?" என்று செயலாளர் என்னைக் கேட்டார்.

"கரப்பான் பூச்சி, ஐயா."

அன்று ஒரே ஒரு தீர்மானம்தான் நிறைவேறியது: ஆபீசுக்குக் கரப்பான் மருந்து வாங்குவது.

அந்த வாரமே பின்வாசலைப் பூட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு செபஸ்தியானின் அம்மா இறந்துபோனார். பெட்டி முன்வாசலில் எந்தப் பக்கமும் சாயாமல் போனது. பென்ஷன் பெரியவரும் வந்து தொப்பியைக் கழற்றி நின்றார். நான் அழுதுவிட்டேன்.

வேலையில் எத்தனையோ பிழை செய்து வருந்தியிருக்கிறேன். இதற்கு மட்டும் வருந்தவில்லை. இருபது பேருக்கும் உறுத்தாத வாசகத்தை அடிக்கச் சொன்னால் நீங்களும் அடித்துக் கொடுங்கள், சம்பளம் அதற்குத்தான். ஆனால் அது யாருடைய பெட்டிக்கு வழிவிடும் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

செபஸ்தியான் என்னிடம், "மன்றத்துக்கு நன்றி சொல்லிடுங்க, ஸ்டெல்லாம்மா" என்றார். அடுத்த கூட்டத்தில் சொன்னேன். ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.