ஸலாஹுதீன் வரைந்த மஃரிப்

புத்தளத்தில் கடல்நீர் நிறைந்த களப்பை ஒட்டியிருக்கும் என் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒரு கொத்துரொட்டிப் படம் வரையச் சொல்லித்தான் ஸலாஹுதீன் நானாவைக் கூப்பிட்டேன். கடைகளுக்குப் போர்ட் எழுதுகிறவர். நல்ல கை, ஆனால் சரியான பிடிவாதக்காரர். கொத்துரொட்டியை யாரும் வரைவார்கள், நான் என் ஊரை வரைகிறேன் என்று ஏணியைச் சாத்திவிட்டார்.

மன்னார்த் தீவின் கிழக்குக் கரையில் அந்த ஊர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் துரத்தப்பட்டு இங்கே வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. சண்டை ஓய்ந்த பிறகு மூத்த சகோதரி ஹவ்வா ராத்தா திரும்பிப் போய்விட்டார். இவர் ஒருதரம்கூடப் போகவில்லை.

"போனா வர மனம் வராது. பிள்ளையள் இங்க பிறந்ததுகள்" என்பார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

சுவரில் கரையோரம் ஓட்டு வீடுகள், பள்ளி மினாரா, கவிழ்த்துப் போட்ட தோணிகள், மஃரிப் நேரத்து வானம். சூரியன் பாதி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டு நின்றால் தேத்தண்ணி ஆறிப்போகும், அவ்வளவு வடிவு. சனம் புகழ்ந்தது அவருக்குப் போதவில்லை. ராத்தா பார்த்து, எங்கட ஊர்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனையும்.

ஸலாஹுதீனுடைய மகளின் கலியாணத்துக்கு ஹவ்வா ராத்தா வந்தார். பஸ்ஸால் இறங்கியவரை மனுசன் நேரே கடைக்குத்தான் கூட்டிவந்தார்.

"வடிவா இருக்கு தம்பி" என்றார் ராத்தா. "புத்தளந்தானே இது?"

"எங்கட ஊர், ராத்தா" என்றார் ஸலாஹுதீன்.

"எங்கட ஊர்ல பொழுது கடலுக்குள்ள விழாதேடா. பின்னேரம் ஊட்டுக்குப் பின்னாலதானே போகும். உம்மா எங்களக் கூப்பிடுற நேரம் கரையெல்லாம் நிழலாக் கிடக்கும். மறந்து போனியா?"

முப்பது வருசத்துக்கு மேலாக எங்கள் களப்பில் சூரியன் விழுவதைப் பார்த்தே வளர்ந்த மனுசன். அந்த வெளிச்சம் எப்போது அவருடைய ஊருக்குள் புகுந்ததோ தெரியாது. பிறந்ததிலிருந்து இந்தக் களப்பைப் பற்றிப் பெருமையடிக்கிற எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் மிச்சமிருந்ததையும் நாங்கள் பறித்துக்கொண்டோம் என்று தோன்றியது.

அடுத்த நாள் பின்னேரம் சாம்பலும் நீலமும் குழைத்துக்கொண்டு வந்தார்.

"விடுங்க நானா, சனத்துக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்றேன்.

கேட்கவில்லை. முதலில் சூரியனை அழித்தார். பிறகு தண்ணீரை இருட்டாக்கினார். கூரைகளுக்கு மேல் மட்டும் கொஞ்சம் சிவப்பு வைத்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் களப்பு முழுக்கச் செம்மஞ்சளாகக் கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போதும் தினமும் வந்து அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் தேத்தண்ணி குடிக்கிறார். புதிதாக வருகிறவர்கள், இந்தப் படத்தில் சூரியனைக் காணோமே என்று கேட்பார்கள்.

"எங்கட ஊட்டுக்குப் பின்னால நிக்குது" என்பார்.