மூச்சுக்கு மேலே வந்த மீன்கள்

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியாக நடந்து வர வேண்டிய ஊர். நடவு, களையெடுப்பு, அறுப்பு, இவைதான் எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரிந்த வேலை. முதலில் அறுப்பு மிஷின் வந்தது. பிறகு நாற்று விடாமல் நேரடியாக விதைக்கவும் ஆரம்பித்தார்கள். வருஷத்தில் பாதி நாள் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருக்கும்படி ஆனது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகளிர் குழு ஊராட்சிக் குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தது. குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர். பத்தாவது வரை படித்தவள் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

குளம் பெரிய தெருவை ஒட்டி இருக்கிறது. தென்கரையில் கல் படித்துறை. எங்கள் தெருக்காரர்கள் வடகரை மண்சரிவில் இறங்கித்தான் துணி துவைப்போம். படித்துறையில் இறங்கக்கூடாது என்று யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. இறங்கியதில்லை, அவ்வளவுதான். குளத்தை எங்களுக்கு விடுவது பற்றி ஊராட்சிக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, படித்துறைக்கு எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து, "சாணியக் கொட்டி நாறடிச்சிருவாங்க" என்று எதிர்த்துப் பேசினார். அவருக்கு நிலம் நிறைய. நாங்கள் எல்லோரும் அவர் வயலில் நட்டவர்கள்தான்.

என் ஓரகத்திக்கும், அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவிக்கும், இந்த யோசனையில் நம்பிக்கை இல்லை. "நெல்லுன்னா வரப்புல நின்னு பாத்தா தெரியும். இது தண்ணிக்குள்ள இருக்கா இல்லியான்னே தெரியாது. இத எப்பிடிப் பயிர் பண்றது?" என்றார். ஆனால் குழுவை விட்டு விலகவும் இல்லை.

ஆவணியில் மீன் குஞ்சுகள் வந்தன. பண்ணையிலிருந்து ஒரு வேனில், காற்றடைத்த பாலித்தீன் பைகளில். விரல் நீளம்கூட இல்லை. கட்லா, ரோகு, மிர்கால் என்று பண்ணைக்காரர் சொன்னார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. பையை உடனே அவிழ்க்க விடவில்லை அவர். "கொஞ்ச நேரம் கொளத்துல மெதக்க விடுங்க. பையில இருக்கிற தண்ணியும் கொளத்துத் தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும்" என்றார். அரைமணி நேரம் பன்னிரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் ஆளுக்கொரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பச்சைக் குழந்தையை ஏந்தியிருப்பவர்கள் போல யாரும் உரக்கப் பேசவில்லை. வாயை அவிழ்த்துச் சாய்த்ததும் குஞ்சுகள் பையின் ஓரத்தில் ஒரு கணம் தயங்கின. அப்புறம் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய குளம் அவற்றை விழுங்கிவிட்டது.

அதன் பிறகு தினமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து சாக்கில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டோம். வாரம் ஒருமுறை சாணம் கரைத்து ஊற்றினோம். சாணத்தால் தண்ணீரில் பாசி பிடித்துப் பச்சையாகும், அந்தப் பச்சைதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழங்கை முங்கும்வரை கையை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கை லேசாக மறைந்தால் பச்சை சரி. அதற்கு முன்பே மறைந்தால் அதிகம்.

அந்தப் பச்சை எனக்குப் பெருமையாகிவிட்டது. ஐப்பசிக் கடைசியில், என் முறை வந்த வாரத்தில், யாரிடமும் கேட்காமல் கூடுதலாக நான்கு கூடை சாணம் கரைத்து ஊற்றினேன். சீக்கிரம் பெருக்கட்டும் என்று ஆசை. அடுத்த மூன்று நாள் வெயிலே இல்லை. தூறலும் மூட்டமுமாக வானம் தாழ்ந்து கிடந்தது.

நான்காம் நாள் விடிந்தும் விடியாத வேளையில் குளத்துக்குப் போனேன். கரையேறியதும் கால் நின்றுவிட்டது. குளம் முழுக்க வாய்கள். ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, தண்ணீர் மட்டத்தில், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வட்ட வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மழை விட்ட பிறகு ஓலையிலிருந்து சொட்டுவது மாதிரி குளம் எங்கும் ஒரு சத்தம். இரண்டரை மாதமாகக் கண்ணில் படாதவை எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்திருந்தன. கையளவு, உள்ளங்கையை விடப் பெரிசு. இத்தனையும் இங்கேயா இருந்தன என்று உடம்பு சிலிர்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. தெருவுக்கு ஓடி, "வந்து பாருங்க, மீனெல்லாம் மேல வந்திருக்கு" என்று எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வந்தேன்.

ஓரகத்திதான் முதலில் சந்தேகப்பட்டார். குனிந்து தண்ணீரில் கையைத் தட்டினார். "ஆளப் பாத்தா ஓட வேணாமா? ஓட மாட்டேங்குதே. அந்தப் பண்ணைக்காரருக்குப் போனப் போடு" என்றார்.

போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தவர், நான் சொன்னதைக் கேட்டதும் முழித்துக்கொண்டார்.

"அம்மா, அது எரைக்கு வரல. மூச்சுக்கு வருது. சாணி கூடிப் போயி, வெயிலும் இல்லாததுல தண்ணியில காத்து தீந்து போச்சு. வெயில் ஏறுற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும்."

"என்ன சார் பண்றது?"

"எறங்கித் தண்ணிய அடிங்க. கையால, தட்டால, எது கெடைக்குதோ அதால. தண்ணி மேல எழும்பி எழும்பி விழணும். மோட்டார் இருந்தா இங்கியே எடுத்து இங்கியே கொட்டச் சொல்லுங்க. நிறுத்திராதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் ஓரகத்தி இறங்கிவிட்டார். மீனைப் பார்த்தபடி கரையைச் சுற்றி வந்ததில் அவர் நின்ற இடத்துக்குப் பக்கம் படித்துறை. அதில்தான் இறங்கினார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். சோற்றுத் தட்டு, முறம், பிளாஸ்டிக் குடம் என்று வீட்டிலிருந்து எடுத்து வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள். ஐப்பசித் தண்ணீர் எலும்பில் குத்தியது. வரிசையாக நின்று அடித்தோம். நடவு வயலில் நிற்பதுபோலத் தானாகவே ஒரு வரிசை அமைந்துவிட்டது. அள்ளி மேலே வீசுவோம், அது விழுவதற்குள் அடுத்ததை வீசுவோம். மீன்கள் எங்கள் தொடையில் முட்டின. ஒதுங்கிப் போகக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. அடித்த இடத்தைத் தேடித் தேடி வந்து எங்கள் கால்களுக்கு நடுவே கூடி நின்றன. பயம் விட்டுப்போன உயிர்கள் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படித்துறைக்கு எதிர்வீட்டுப் பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கரையில் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"மீனு மூச்சு விட முடியாம சாவுதுங்க ஐயா" என்றார் ஓரகத்தி, கையை நிறுத்தாமல். "மோட்டார் இருந்தா பொழைக்கும்னு சொல்றாங்க."

அவர் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சினைப் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்தார். அவரே குழாயைத் தண்ணீரில் இறக்கினார். எஞ்சின் கிளம்பியதும் தண்ணீர் வில்லாக வளைந்து எழும்பி, நுரையோடு குளத்திலேயே விழுந்தது. விழுந்த இடத்துக்கு மீன்கள் கும்பலாக நகர்ந்தன.

எத்தனை மணி நேரம் அடித்தோம் என்று தெரியவில்லை. மேகம் விலகி முதுகில் வெயில் சுட்டது நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்றவள், "கொறையுது பாரு" என்றாள். வாய்கள் குறைந்துகொண்டே வந்தன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று உள்ளே போயின. கடைசி வட்டமும் அடங்கிய பிறகு குளம் ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது. நாங்கள் கை ஓய்ந்து, உதடு நீலம் பாரித்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். யாருக்கும் கரையேறத் தோன்றவில்லை.

செத்தவை இரண்டு கூடை. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். அன்று சாயங்காலம் ஓரகத்தி வீட்டுக்குப் போய், நான்கு கூடை சாணம் நான்தான் அதிகமாகப் போட்டேன் என்று சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "கரையில நீ எத்தன கூடை கழுவிக் கவுத்து வச்சிருந்தேன்னு அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப ஏன்க்கா அங்க சொல்லல?"

"சொன்னா நீ தண்ணிய அடிப்பியா, அழுதுகிட்டு நிப்பியா? போ, துணிய மாத்து மொதல்ல."

அடுத்த குழுக் கூட்டத்தில் நானே எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு பேர் சில வாரம் என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான்.

பங்குனிக் கடைசியில் வலை போட்டோம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வலைக்காரர்கள் வந்திருந்தார்கள். குளத்தின் அகலத்துக்கும் வலையை விரித்து, இரண்டு கரையிலும் ஆட்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். பாதித் தூரம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் வலைக்கு முன்னால் தண்ணீர் தானாகப் புடைத்தது. ஒரு கட்லா ஆள் உயரத்துக்கு எழும்பி, வெயிலில் மின்னி, வலையைத் தாண்டி விழுந்தது. அதன் பின்னால் பத்து, இருபது. வலை சுருங்கச் சுருங்கத் தண்ணீரே தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. பெரிய தெருவும் எங்கள் தெருவும் கரையில் கூடி நின்றிருந்தன. ஓரகத்தி ஒரு மீனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். அது வாலால் அவர் தோளில் அறைந்தது. அவர் விடவில்லை.

பெரியவருக்குக் கொடுக்க நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். "எங்க வீட்ல மீன் பொழங்கறதில்லம்மா" என்றார். ஆனால் வீட்டுக்குள் போகாமல் வலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம கொளத்துக்குள்ள இவ்வளவு இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இருந்துச்சுங்க" என்றேன். மீன் என் கையில் துடித்துக்கொண்டிருந்தது. அதை எடைபோடும் இடத்துக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.