கோலிக்கு ஒரு வேலை

எங்கள் கம்பெனி கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிற பொறுப்பு எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் என்னிடம் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருந்த தொழிற்சாலை. நான் அங்கே பர்சனல் செக்‌ஷனில் கிளார்க். பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாது. இந்தக் காலத்தில் வெளிநாட்டு கிளப்புகளில் இதற்கென்றே ஒருவரை வைத்து, டைரக்டர் என்று பட்டம் கொடுத்து, கோட்டு போட்டு உட்கார வைக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறேன். எனக்குக் கொடுத்த பட்டம் ஃபுட்பால் செக்ரட்டரி. அதோடு ஞாயிற்றுக்கிழமை வெயிலையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கோச்சின் வேலை ஆட்டக்காரர்களைப் பழக்குவது. மேனேஜரின் வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் யாருக்கு உத்தியோகம் என்று கையெழுத்துப் போடுவது. யாரை எடுப்பது என்பது நடுவில் இருந்த என் தலையில் விழுந்தது. கோச்சுக்கு நல்ல ஆள் வேண்டும், மேனேஜருக்குச் செலவு கூடாது, இரண்டு பேரிடமும் எனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது. ஞாயிறு மதியம் குடையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினால், பிள்ளை பிடிக்கிறவர் கிளம்பிவிட்டார் என்று என் மனைவி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிக் கிண்டல் செய்வாள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஆபீசில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மைதானத்து ஓரத்தில் நான் வந்து நின்றால் மட்டும் அத்தனை பேரும் கூடுதலாக ஓடுவார்கள். அந்த போதை லேசுப்பட்டதல்ல.

அந்த கோல்கீப்பரை நான் முதலில் பார்த்தது பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து மைதானத்தில். மழை விட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை, பாதி மைதானம் சேறு. எங்கள் பக்கம் கோல்கீப்பரை கோலி என்றுதான் சொல்வோம். மற்ற கோலிகள் போட்டோவுக்குப் பாய்வதுபோல் பாய்ந்து சட்டையெல்லாம் சேறாக்கிக்கொள்வார்கள். இவன் பாயவே இல்லை. பந்து எங்கே வருமோ அங்கே முன்னாலேயே போய் நின்றுகொண்டிருந்தான். ஆட்டம் முடிந்தபோது அவன் சட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது. கோச்சிடம் அப்போதே சொல்லிவிட்டேன், இவன் நமக்குத்தான் என்று.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஓர் அரசாங்கத் துறையின் அணி அவனை ஏற்கெனவே எடுத்துவிட்டது. திருச்சியில் வேலை, முதல் நாளிலிருந்தே பர்மனன்ட். அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே சிட்லபாக்கத்தில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அப்பா அம்மா இல்லாத வீடு. அக்காதான் அவனை வளர்த்தவர். தென்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். திருச்சியில் தம்பி ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், இங்கே என்றால் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி உங்கள் கையால் சாப்பிடலாம் என்றேன். சாப்பாட்டுப் பேச்சு எடுத்தால் யாரும் இறங்கி வருவார்கள் என்பது என் தொழில் ரகசியம். அவர் இறங்கித்தான் வந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இங்க பர்மனன்ட் ஆயிடுமா சார்?"

"பாத்துக்கலாம் டீச்சர்" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸ் பாஷையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யாராவது ஏதாவது கேட்டு வந்தால் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். 'பாத்துக்கறேன்' என்றால் கொஞ்சம் நம்பலாம். 'பாத்துக்கலாம்' இரண்டுக்கும் நடுவில். எதிரில் இருப்பவரும் முகம் சுளிக்காமல் எழுந்து போவார், சொன்னவரும் எதிலும் மாட்டிக்கொள்ளமாட்டார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் எங்கள் செக்‌ஷனே ஓடிக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் டீச்சரின் முகம் தெளிந்தது. "அப்ப சரி சார்" என்று எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தார். தம்பி திருச்சிக்குப் போகவில்லை.

எங்களிடம் கேஷுவலாகச் சேர்ந்தான். கேஷுவல் என்றால் தினக்கூலி. சில மாதம் வேலை கொடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்று நடுவில் 'பிரேக்' கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். பிறகு மறுபடி கூப்பிடுவார்கள். பிரேக்கில் இருக்கும்போதும் அவன் காலையில் பிராக்டீஸுக்கு வந்துவிடுவான். கூலி இல்லாத நாளிலும் கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றான். வேலை எப்போது நிரந்தரமாகும் என்று ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காதவனை மறந்துபோவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு சீசன் கழித்து ஒரு பர்மனன்ட் இடம் வந்தது. ஒன்றே ஒன்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, யாருக்கு என்று நீயே சொல் என்றார். அந்தச் சமயம் பார்த்து வடசென்னையிலிருந்து கோல் போடுகிற ஒரு ஃபார்வர்டு கிடைத்திருந்தான். காலில் பந்து ஒட்டிக்கொண்டு ஓடும். வேறு ஓர் அணியும் அவன் வீட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தது. நான் கோச்சிடம் யோசனை கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கோலி எங்க சார் பூடப் போறான்? அவன் வூடு இங்கதான கீது. ஃபார்வர்ட வுட்டா நாளிக்கே இன்னொருத்தன் தூக்கினு பூடுவான்."

மறுநாள் மேனேஜரிடம் ஃபார்வர்டின் பெயரைச் சொன்னேன். தப்பு செய்கிறோம் என்று அப்போது துளிகூடத் தோன்றவில்லை. அணிக்கு எது நல்லதோ அதைச் செய்தேன் என்றுதான் நினைத்தேன். கோச் கணக்குத் தப்பவும் இல்லை. அந்த வருஷம் லீகில் ஒரு டிவிஷன் மேலே போனோம், கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி போட்டார்கள். ஆள் எடுக்கிற தொழிலில் இதுதான் நியாயம். விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று பயப்படுகிறவனுக்கு அள்ளிக் கொடுப்போம். எங்கேயும் போகமாட்டான் என்று தெரிந்தவனுக்குக் கை விரிப்போம். நம்மை நம்பி இருப்பதுதான் அவன் செய்த குற்றம்.

டீச்சரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவது மரியாதை என்று போனேன். மேனேஜ்மென்ட் முடிவு, என் கையில் ஒன்றும் இல்லை என்றேன். அப்பட்டமான பொய். எச்சில் விழுங்காமல் சொன்னேன். அவர் அழுவாரோ என்று பயந்தேன்.

"பரவால்ல சார். எங்க ஊர்ல பெரியவங்க ஒருத்தர் பாத்துக்கலாம்னு சொல்லிட்டா, அந்தக் காரியத்தை அவர் தோள்ல ஏத்துக்கிட்டார்னு அர்த்தம். அதுக்கப்புறம் அவர்கிட்ட திரும்பக் கேக்கறது அவமரியாதை. நீங்க சொல்லிட்டீங்க. எப்ப ஆகுதோ ஆகட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக அக்காவும் தம்பியும் வாய் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். நான் தப்பித்துக்கொள்ளச் சொன்ன சொல்லை அவர் சத்தியமாக எடுத்து வைத்திருக்கிறார். அதை நம்பித்தான் திருச்சி வேலையையே விட்டிருக்கிறார்கள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன், ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நிஜமாகவே முயற்சி செய்தேன். மேனேஜர் அறைக்குப் போய்ப் போய் அந்த வாசற்படி தேய்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்பா" என்பார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியாதா? தொண்ணூறுகள் பிறந்ததும் கம்பெனியில் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். கேஷுவல்களை அனுப்பினார்கள். அப்புறம் விளையாட்டெல்லாம் எதற்கு என்று அணியையும் கலைத்துவிட்டார்கள். அரசாங்க வேலைக்குப் போகலாம் என்றால் கோலிக்கு வயது தாண்டிவிட்டது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சிமென்ட் கடையில் சேர்ந்தான். ரோட்டில் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "நல்லா இருக்கீங்களா சார்" என்பான். அவன் இறங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் வருவது தெரிந்து நான் டீக்கடைக்குள் நுழைந்து ஒளிந்துகொண்ட நாட்களும் உண்டு.

சில வருஷங்கள் இப்படி ஓடின. கடைசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், இனி முடியாது, எல்லாவற்றையும் டீச்சரிடம் சொல்லிவிடுவது என்று சிட்லபாக்கத்துக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் அவன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த இடத்துக்கு ஃபார்வர்டின் பெயரைச் சொன்னவன் நான்தான், மேனேஜ்மென்ட் இல்லை என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்தான்.

"தெரியும் சார். அன்னிக்கே கோச் சொல்லிட்டாரு."

தெரிந்துகொண்டா இத்தனை வருஷம் சைக்கிளை விட்டு இறங்கினாய் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவன் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். திருச்சிக்குப் போக வேணாம்னு முடிவு பண்ணது அவங்கதான். நீங்க இன்னும் எனக்கு எங்கயாவது வேலை வாங்கித் தர அலையறீங்கன்னு நெனச்சிட்டு இருக்காங்க. அது இல்லன்னு தெரிஞ்சா, தம்பி வாழ்க்கைய நாமளே கெடுத்துட்டோம்னு உக்காந்துடுவாங்க."

நான் எதற்காக வந்தேனோ அதைச் செய்யவும் எனக்கு வழி இல்லாமல் போயிற்று. சொன்னால் என் பாரம் இறங்கும், அது அப்படியே அந்த அம்மாள் தலையில் ஏறும். சரி என்று தலையாட்டிவிட்டு அவன் பின்னாலேயே உள்ளே போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு டீயும் முறுக்கும் வைத்தார். தம்பிக்கு ஏதாவது இடம் வந்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஏரி நிரம்பி வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்ததைப் பற்றிப் பேசினார். நான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு உம் கொட்டினேன். எழுந்தபோது, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டுப் போகலாமே என்றார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். எனக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது, இருந்தாலும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக வேண்டினார். தம்பிக்காக வேண்டினார். பிறகு என் பெயரைச் சொன்னார்.

"என் தம்பிக்காக இவர் எவ்வளவு பிரயாசப்படுகிறார் என்பதை நீர் அறிவீர் ஆண்டவரே" என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, தயங்காமல், அக்காவுக்குக் கேட்கிற மாதிரி ஆமென் சொன்னான்.