அடக்கப் பணத்தின் வட்டி

இந்த நாட்டில் கம்ப்யூட்டர்கூட ஆளைப் புகழும். வருமான வரிக் கணக்கை இங்கே அவரவரே போட்டு அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரில் என் பெயரை அடித்ததுமே ‘அருமையாகச் செய்கிறீர்கள்!’ என்றது. பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவி வாங்கும் சம்பளத்தைப் பதிந்தேன். அதற்கும் ஒரு சபாஷ். என்னைப் போன்ற குறைந்த சம்பளக்காரர்களுக்கு அது இலவசம். ஓசியில் கிடைப்பதை விடுவானேன் என்று உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். முதலீட்டு வருமானம் உண்டா, வெளிநாட்டில் கணக்கு உண்டா என்று கேட்டது. ஊரில் அம்மா பெயரிலும் என் பெயரிலுமாக ஒரு டெபாசிட் இருக்கிறதே என்று ‘ஆம்’ என்றேன். அத்தோடு புகழ்ச்சி நின்றது. இனி இலவசம் கிடையாது, பணம் கட்டித் தொடரவும் என்றது. முதலீட்டாளராம் நான், கேட்டீர்களா!

அப்பா போன பிறகு அருமனைப் பக்கம் இருந்த கொஞ்சம் ரப்பர் தோட்டத்தை அம்மா விற்றாள். மிஞ்சிய பணம்தான் அந்த டெபாசிட். வட்டியைக்கூடத் தொடமாட்டாள். அது அவளுடைய அடக்கத்துக்கு. பெட்டி, கல்லறை, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, நான் போய்ச் சேரும்வரை உடலை வைக்கும் ஐஸ் பெட்டிக்கு வாடகை, எல்லாம் சொந்தக் காசில் நடக்க வேண்டும் அவளுக்கு. அப்பாவின் அடக்கத்துக்கு நான் விமானம் மாறி மாறிப் போய் இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஈர மண்ணைத்தான் பார்த்தேன். அந்தக் குறை அவளுக்கும் தீரவில்லை. போன லீவில் என்னை பேங்குக்குக் கூட்டிப்போய் என் பெயரையும் சேர்த்தாள்.

“நான் செத்தா நீ ஆருட்டயும் கை நீட்டப்பிடாது மக்கா. நேரா வந்து கையெழுத்துப் போட்டு எடு” என்று மேனேஜர் முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொன்னாள். மேனேஜர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே நான் இருக்கும் ஊர் நூலகத்தில் வரிக் கணக்குக்கு உதவ லிண்டா என்றொரு ஓய்வுபெற்ற அம்மாள் வருவார். அவரிடம் போனேன்.

“இது யார் பணம்?”

“அம்மாவுடையது.”

“பிறகு உன் பெயர் எதற்கு?”

“அம்மாவை அடக்கம் பண்ண.”

லிண்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, எப்போது தவறினார்கள்?”

“இன்றைக்குக் காலையில்தான் பேசினேன். மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.”

அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! விளக்க விளக்க நான் ஏதோ சாவுக்குக் காத்திருக்கும் பாவி மாதிரி ஆகிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார்: பணம் அம்மாவுடையதே ஆனாலும் நீ கையெழுத்துப் போட முடிகிற கணக்கு அது, அதனால் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும், பெயரை எடுத்துவிட்டால் பின்னால் இந்தச் சிக்கல் இருக்காது. நல்ல மனுஷி. சரியான யோசனைதான்.

அம்மாவைக் கூப்பிட்டேன். “அம்மா, அந்த டெபாசிட்டுல இருந்து எனக்க பேர எடுத்திரட்டா? இங்க வரிக்கு ஒரே தொந்தரவு.”

“உனக்குத் தொந்தரவுன்னா எடு மக்கா. சபையில ஆருட்டயாவது சொல்லி வைக்கேன், அவிய பாத்துக்கிடுவாவ.” பிறகு குரல் இறங்கியது. “அப்போ நீ வரமாட்டியா?”

“என்னம்மா சொல்லுத, வராம இருப்பனா?”

“பின்ன பேரு அங்கன கெடக்கட்டு.”

போனை வைத்துவிட்டு அழுதேன். வராமல் இருப்பேனா என்று கேட்டேனே தவிர, நேரத்துக்கு வந்து சேர்வேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணத்தைக் கட்டிக் கணக்கை அனுப்பினேன். ‘அருமையாகச் செய்தீர்கள்!’ என்று திரையில் வண்ணக் காகிதங்கள் கொட்டின. இனி எந்த வருஷம் எனக்கு இது இலவசமாகும்? பாவி மனசு அதையும் யோசித்தது. அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு, அந்த டெபாசிட்டையும் மூடிவிட்டு, அங்கே என் பெயர் எதிலும் இல்லாமல் நான் இங்கே திரும்பிவரும் வருஷத்துக்கு அடுத்த வருஷம். வெளிநாட்டில் கணக்கு உண்டா என்று அப்போதும் கேட்கும். ‘இல்லை’ என்பேன். இதே காகிதங்களைக் கொட்டி, அப்போதும் என்னைப் பாராட்டும்.